நிச்சயதார்த்தத்துக்கு வந்த புயல்

வாங்க சார், வாங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்குக் காலு ஆடும். நம்ம பசங்க சீரியல் லைட்டு கட்டுறதுக்கு அதுமேலதான் ஏறி நிக்கிறானுங்க, அப்புறம் அது எப்படி நிக்கும்? இப்படி உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன்.

என்ன விசேஷம்? கிரகப்பிரவேசமா? ரொம்ப சந்தோஷம். எந்த மாசம்? கார்த்திகையா!

இல்ல, இல்ல, பதறாதீங்க. போடுவோம். கார்த்திகையில பந்தல் கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் நான் ஒரு கதை சொல்றது வழக்கம், அவ்வளவுதான். சொல்லாம தேதி குறிச்சுக்க மாட்டேன். "வர்ற கிராக்கியை எல்லாம் கதை சொல்லியே விரட்டி அடிக்கிறீங்க"ன்னு என் சம்சாரம் வசந்தா திட்டுவா. அவளுக்கு என்ன தெரியும், விடுங்க.

சீர்காழியில ஜெயபால் பந்தல்னா தெரியாதவங்க கிடையாது. இத்தனை வருஷத் தொழில்ல எனக்கு ஒரே ஒரு எதிரி, காத்து. மழைன்னா தகரத்தைப் போட்டு சமாளிச்சிடலாம். காத்து கிளம்பிச்சுன்னா கம்பு, கயிறு, துணி, மானம் எல்லாம் சேந்து பறக்கும். அப்பேர்ப்பட்டவன் வீட்டுல கடவுள் எப்படிப்பட்ட பொண்ணைக் குடுத்திருக்கான் பாருங்க. புயலை ஆராய்ச்சி பண்ற பொண்ணு! போலீஸ்காரன் மக திருடனைப் பத்திப் பாட்டு கட்டுன மாதிரி.

சுகந்தின்னு பேரு. ஒரே பொண்ணு. மெட்ராஸ்ல பெரிய ஆராய்ச்சிப் படிப்பு. புயல் எப்படி உண்டாகுது, சில புயல் ஏன் ஒரே நாள்ல கொழுத்துப் போவுது, சிலது ஏன் கரைக்கு வர்றதுக்குள்ளயே இளைச்சுப் போவுது, இதான் அவ வேலை. "ஏம்மா, உலகத்துல உனக்கு வேற சப்ஜெக்டே கிடைக்கலையா?"ன்னு கேட்டேன். "நீதானப்பா நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப வானத்தைப் பாத்து, 'எங்கேருந்துடா வர்றே நீ'ன்னு திட்டிக்கிட்டே இருப்ப. அதான் பாத்துச் சொல்லலாம்னு போனேன்"ங்கறா. பழியைத் தூக்கி நம்ம தலையில போட்டுட்டா.

எனக்கும் சொல்லிக் குடுத்திருக்கா. ரொம்ப சுலபம் சார். இட்லிக் கொப்பரை மாதிரி. அடியில சூடான கடல், அது தண்ணியை ஆவியாக்கி மேல அனுப்புது. ஆவி மேல போயி குளுந்து மேகமாவறப்ப சூட்டைக் கக்குது. அந்தச் சூட்டுல காத்து இன்னும் வேகமா மேல ஏறுது, கீழ காலியான இடத்துக்குச் சுத்துப்பட்ட காத்தெல்லாம் ஓடியாருது, பூமி சுத்துறதால அதுவும் சுத்திக்கிட்டே வருது. ஆச்சா, புயல் ரெடி. ஆனா கொப்பரையில எங்கயாவது இடுக்கு விட்டு, வெளிக் காத்து உள்ள பூந்துதுன்னு வைங்க, ஆவி போதாது, இட்லி வேவாது. எந்தப் புயல் வேவும், எது வேவாம போவும், அதைக் கரையை நெருங்குற கடைசி நேரத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுக்குத்தான் இவங்க பலூன் விடுறாங்க. நம்ம பர்த்டே பலூன் இல்ல, ஆள் உசரத்துக்குப் பெரிசு. அதுக்குக் கீழ சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. புயலுக்குள்ள ஏறிப் போயி, இந்த உசரத்துல இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம், இவ்வளவு காத்துன்னு ரேடியோவுல கீழ சொல்லிக்கிட்டே போவும்.

இதுல என் பொண்ணு கஷ்டம் என்னன்னா, புயல் வரணும். அவங்க முகாம் போட்ட இடத்துக்கே வரணும். ரெண்டு வருஷம் போச்சு, வந்ததெல்லாம் வடக்க திரும்பிடுச்சு. போன வருஷம் மூணாவது, கடைசி வருஷம். அப்பவும் வரலைன்னா முகாமைச் சுருட்டிடுவாங்க, இத்தனை வருஷப் படிப்பு நடுவுல நிக்கும். அவ கவலை அவளுக்கு. எனக்கு என் கவலை. இருபத்தெட்டு ஆவப் போவுது, கல்யாணம் ஆவலையே!

நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஆடியில கல்யாணம் பேசக்கூடாது, புரட்டாசி கூடாது, மார்கழி கூடாது. ஐப்பசி, கார்த்திகைன்னா ஜேஜேன்னு முகூர்த்தம். வங்காள விரிகுடாவும் அதே பஞ்சாங்கத்தைத்தான் பாக்குது போலிருக்கு, அதுவும் ஐப்பசி, கார்த்திகையிலதான் புயலைப் பெத்துப் போடுது. முகூர்த்தம் இல்லாத மாசமெல்லாம் பொண்ணு சும்மா இருப்பா. முகூர்த்தம் வந்தா கடற்கரைக்கு ஓடிடுவா. "தையில வச்சுக்கலாம்ப்பா"ன்னா. ஜோசியர் ஒரே போடாப் போட்டுட்டாரு. "பொண்ணுக்கு வியாழ நோக்கம் கார்த்திகையோட முடியுது. கல்யாணம் பின்னாடி ஆவட்டும், நிச்சயத்தையாவது அதுக்குள்ள முடிச்சிடுங்க."

மாயவரத்துலேருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்துச்சு. பையன் சத்தியசீலன், கரண்ட் ஆபீஸ்ல ஏ.இ. தங்கமான புள்ளை. அப்பா தெட்சிணாமூர்த்தி, பாங்குல இருந்து ரிட்டையர் ஆனவரு. பத்து வார்த்தை நாம பேசினா ஒரு வார்த்தை பேசுவாரு. பொண்ணு பாக்க வந்தப்ப, "பாப்பாவுக்கு என்ன மாதிரி வேலை?"ன்னு கேட்டாரு. நான் உஷாரு. பலூனு, புயலு, கடற்கரைன்னு சொன்னா எவன் பொண்ணு எடுப்பான்? "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கணக்குப் போடுற வேலைங்க. ஏ.சி. ரூமு. வெயிலே படாது"ன்னேன். அந்த நேரம் பாத்து சுகந்தி காபி எடுத்துக்கிட்டு வர்றா. முகாமுக்கு இடம் பாக்குறேன்னு ஒரு மாசம் கடற்கரையில சுத்திட்டு அப்பத்தான் வந்திருக்கா. மூஞ்சி கன்னங்கரேல்னு கருத்துக் கிடக்கு. தெட்சிணாமூர்த்தி அவளைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "ஏ.சி. கொஞ்சம் உஷ்ணம் போலிருக்கு"ன்னாரு. நல்லவேளை, அவருக்குச் சந்தேகம் வரல.

ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. நான் ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிட்டேன். "நிச்சயம் ஆவுற வரைக்கும் போன்ல பேசிக்கக்கூடாது. எங்க வீட்டுப் பழக்கம்." மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டு "சரிங்க மாமா"ன்னாரு. என் பொண்ணும் "சரிப்பா"ன்னுட்டா. இந்தக் காலத்துல யாரு சார் அப்படி அடங்கி இருக்கா? அதுக்கப்புறம் அவளுக்குப் போன் வந்துகிட்டேதான் இருந்துச்சு, அது வேற, எல்லாம் ஆராய்ச்சி விஷயம். மொட்டை மாடியில நின்னுக்கிட்டு டிரான்ஸ்பார்மரு, கம்பம், லைன்னு மணிக்கணக்கா பேசுவா, நடுநடுவுல சிரிப்பா. "புயலுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் என்னம்மா சம்பந்தம்?"னேன். "இருக்குப்பா, நிறைய இருக்கு"ன்னா. ஆராய்ச்சின்னா நாலு துறையும் தெரிஞ்சிருக்கணும் போல.

கார்த்திகை கடைசி முகூர்த்தத்துல நிச்சயதார்த்தம். எங்க வீட்டுலதான். ஊருக்கெல்லாம் பந்தல் போட்டவன், என் பொண்ணுக்குப் போட மாட்டேனா? தெருவை அடைச்சுப் போட்டேன் சார். ஒண்ணுக்கு ரெண்டு கம்பு, ஒவ்வொரு கம்புலயும் நம்ம முடிச்சு. என் முடிச்சு பேர் போனது, போட்டா நான் வந்துதான் அவுக்கணும்.

பந்தல் போட்டு முடிச்சு நிமிர்றேன், டி.வி.யில சொல்றான், அந்தமான் பக்கம் காத்தழுத்தத் தாழ்வு. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஓடினேன். "சாமி, ஆந்திராவுக்குத் திருப்பி விட்டுடு, உனக்கு உப்பு மிளகு கொட்றேன்"னு வேண்டிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னா சுகந்திக்குக் கோவம் வந்துடுச்சு. "ஏம்ப்பா, ஆந்திராவுல பந்தல்காரரு இருக்க மாட்டாரா? அவருக்குப் பொண்ணு இருக்காதா?"ன்னா. அது நியாயம்தான். அப்புறம் கோயிலுக்குத் திரும்பிப் போயி, யாருக்கும் வேணாம், கடலுக்குள்ளயே வச்சுக்கன்னு மாத்தி வேண்டிக்கிட்டு வந்தேன்.

சாமி ரெண்டையும் கேக்கல. தாழ்வு மண்டலம் ஆச்சு, புயல் ஆச்சு, நேரா நம்ம பக்கமே மூஞ்சியை வச்சுக்கிட்டு வருது. அவங்க முகாம் சின்னமேட்டுக்குப்பத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்துல. மூணு வருஷமா எந்தப் புயலுக்குக் காத்துக்கிட்டு இருந்தாளோ, அது என் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குப் பத்திரிகை வச்ச மாதிரி வருது சார்!

"அப்பா, நான் போறேன்"னா.

"போனியன்னா இந்தச் சம்பந்தம் போச்சு. அடுத்த வியாழ நோக்கத்துக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

"போகலைன்னா என் படிப்பு போச்சுப்பா. இது மறுபடி வராது."

நான் கத்தினேன். பொய் சொல்லக்கூடாது, நல்லாவே கத்தினேன். அவ கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா பையில துணியை எடுத்து வச்சுக்கிட்டே இருக்கா. வசந்தா என்னடான்னா, புளிசாதம் கட்டிக் குடுக்கறா! "நீ எந்தக் கட்சிடி?"ன்னேன். "பசியோட போவக்கூடாது இல்ல"ங்கறா. போயிட்டா சார்.

விடிஞ்சா விசேஷம். எப்படிச் சமாளிக்கிறதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு, கடைசியில தெட்சிணாமூர்த்திக்குப் போன் போட்டேன். "பொண்ணுக்கு லேசா ஜுரம். படுத்தே கிடக்குது"ன்னேன். அந்தப் பக்கம் வீட்டம்மாகிட்ட ஏதோ கிசுகிசுக்குறாரு. அப்புறம், "எங்க பையனுக்கும் வயிறு சரியில்ல. வர முடியாது"ன்னாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. என்ன ஒரு பொருத்தம் பாருங்க, ஜாதகத்துலகூட இவ்வளவு கிடையாது! "அந்தக் காலத்துல பொண்ணு மாப்பிள்ளையை வச்சா நிச்சயம் பண்ணினாங்க? பெரியவங்க தட்டு மாத்திக்கிட்டா முடிஞ்சுது"ன்னு நான் எடுத்துக் குடுத்தேன். "ஆமா"ன்னாரு. நம்ம பேச்சு சாமர்த்தியம் அப்படி.

வந்துட்டாங்க, கொட்டுற மழையில வேன் புடிச்சு. பந்தல் பேயாட்டம் ஆடுது, ஆனா நிக்குது. கூடத்துல உக்காந்து பத்திரிகை வாசிச்சோம், தட்டு மாத்தினோம், வெத்திலை பாக்கு குடுத்தோம். பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல, நிச்சயதார்த்தம் அமோகமா நடந்துச்சு. மாப்பிள்ளை அம்மா கொண்டாந்த புடவையை வசந்தா கையில குடுத்து, "சாமி முன்னாடி வைங்க, புள்ளை வந்ததும் கட்டிக்கட்டும்"னாங்க. உள்ள ஜுரத்துல படுத்திருக்கற பொண்ணு எங்கேருந்து வருவா? வயசானவங்க, வாய் தவறிடுச்சுன்னு நானும் கண்டுக்கல.

பந்தி முடிஞ்சுது. மாயவரம் ரோட்டுல மரம் விழுந்துடுச்சுன்னு அவங்க எங்க வீட்டுலயே தங்கிட்டாங்க. எல்லாரும் பாயசத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்க, எனக்கு ஒரு வாய் இறங்கல. டி.வி.யில கடலைக் காட்டுறான். அந்தக் கடலை ஒட்டித்தான் சார் என் பொண்ணு இருக்கா. பயம். சொல்றதுக்கு என்ன வெக்கம்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட, "ஒரு பந்தல் பிச்சுக்கிச்சாம், பாத்துட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டு, நம்ம குட்டியானை வண்டியை எடுத்துக்கிட்டு கிளம்பிட்டேன். தெட்சிணாமூர்த்தி வாசல் வரைக்கும் வந்து, "கடற்கரை ரோடு வேணாம், உள் ரோட்டுல போங்க"ன்னாரு. நல்ல மனுஷன்.

முகாமுக்குப் போய்ச் சேந்தா, குப்பத்து ஜனமெல்லாம் மேல் மாடியில இருக்கு. கீழ கட்டடத்து மறைவுல என் பொண்ணு, கூட ஆராய்ச்சிக்காரப் பசங்க ரெண்டு பேரு. அங்க ஒரு கரண்ட் ஆபீஸ் ஜீப்பு. மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் என் பொண்ணுகிட்ட டீ நீட்டுறாரு. யாருங்கறீங்க? மாப்பிள்ளை! வயித்துவலிக்காரர்!

"நீங்க எங்க இங்க?"ன்னேன். "இது என் செக்‌ஷன் மாமா. புயல் நேரத்துல எங்களுக்கு லீவு கிடையாது. வீட்டுல சொன்னா நிச்சயம் தள்ளிப் போயிடுமோன்னு..."ன்னு இழுத்தாரு. நான் மன்னிச்சுட்டேன். பொறுப்பான புள்ளை, சின்ன பொய் சொல்லியிருக்கு, அவ்வளவுதானே. பொண்ணு பாத்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் ரெண்டும் முதமுதலா சந்திச்சுக்குதுங்க, தற்செயலா! அதுலயும் பாருங்க, அந்த டீயில சக்கரை இல்ல. சுகந்தி சக்கரை போட்டுக்க மாட்டா, அது எங்க வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். ஆளைப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாரு சார். படிச்ச மூளை.

திட்டணும்னுதான் போனேன். அவ மூஞ்சியைப் பாத்ததும் வரல. காலையிலேருந்து விட்ட பலூன் எல்லாம் நல்லாப் போயிருக்கு. ஆனா முக்கியமானது இனிமேதான், புயல் கிட்ட வந்து கரையைத் தொடுறதுக்கு முன்னாடி விடுறது. அதுல ஒண்ணு பனைமரத்துல மோதி வெடிச்சிடுச்சு. இன்னொண்ணு கையிலயே கிழிஞ்சிடுச்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. இன்னும் கொஞ்சம் போனா காத்து பலூனை ஏறவே விடாது. "இது போகலைன்னா மூணு வருஷமும் வீண்ப்பா"ன்னா.

அந்தக் கடைசி பலூனுக்கு வாயு நிரப்பியாச்சு. பெட்டியைக் கடைசியா ஒருதரம் சரி பாக்கணும், "அப்பா, ஒரு நிமிஷம் இந்தக் கயித்தைப் புடிச்சுக்க"ன்னு என் கையில குடுத்தா. எப்பேர்ப்பட்ட பொறுப்பு! காத்து கயித்தைப் புடிச்சு இழுக்குது. என் பொண்ணு மூணு வருஷப் படிப்பு என் கையில இருக்குது. வெறும் கையை நம்பலாமா? பக்கத்துல இரும்புத் தூண் இருந்துச்சு. கட்டிட்டேன் சார்! நம்ம முடிச்சு, இரட்டையாப் போட்டு, இழுத்து இறுக்கி, தட்டியும் பாத்துட்டேன்.

அவ பெட்டியைப் பாத்து முடிச்சு, "காத்து கொஞ்சம் அடங்குது, இப்ப, இப்ப, விடுப்பா!"ங்கறா. எதை விடுறது? மழையில ஊறின கயிறு, நான் போட்ட முடிச்சு. பல்லால கடிக்கிறேன், நகத்தால பிக்கிறேன், அசைய மாட்டேங்குது. "யாரு கட்டச் சொன்னது? அதைப் பறக்க விடறதுக்குத்தானே வச்சிருக்கோம்!"னு கத்துறா. "பத்திரமா இருக்கட்டும்னுதாம்மா கட்டினேன்!"னு நானும் கத்துறேன். பலூன் தூணைச் சுத்தி ஆடுது, இந்தா கிழியப் போவுது, அந்தா கிழியப் போவுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மாப்பிள்ளை ஓடியாந்தாரு. லைன்மேன் கட்டிங் பிளேயரு கையில. "மாமா, கையை எடுங்க"ன்னாரு. ஒரே வெட்டு.

போச்சு சார். சாஞ்சுது, பனைமரத்து உச்சியை உரசினாப்புல போச்சு, அப்புறம் குத்தா மேல ஏறிச்சு. நாங்க எல்லாரும் வாயைத் தொறந்துக்கிட்டு மழையைக் குடிச்சுக்கிட்டு நிக்கிறோம். மேகத்துக்குள்ள பூந்து மறைஞ்சு போச்சு. உள்ள ஓடினா கம்ப்யூட்டர்ல கோடு கோடா ஏறிக்கிட்டே வருது. சுகந்தி கண்ணை எடுக்காம பாக்குறா. திடீர்னு எழுந்து குதிக்கிறா. "காஞ்ச காத்து! மேல காஞ்ச காத்து உள்ள பூந்திருக்குப்பா! நடுவுல ஈரமே இல்ல பாரு! இது இனிமே வலுக்காது!" மாடியில அத்தனை ஜனமும் நனைஞ்சு நடுங்கிக்கிட்டு இருக்கு, இவ காஞ்ச காத்துன்னு ஆடுறா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு சார், வேற என்ன சொல்ல? சொன்னபடியே புயலும் இளைச்சுப் போயித்தான் கரை ஏறிச்சு. காஞ்ச காத்துன்னு அவ சொல்லுவா. உப்பு மிளகு வேண்டிக்கிட்டவனுக்குத் தெரியும் உள்விஷயம்.

குதிச்ச வேகத்துல மாப்பிள்ளை கையைப் புடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. சந்தோஷத்துல யாரு கைன்னு பாத்திருக்க மாட்டா. நான் நாகரிகமா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. வீட்டுல அவங்க அப்பா அம்மா இருக்காங்க. ஜுரம்னு சொன்ன பொண்ணு இங்க குதிக்குது, எப்படியும் தெரிஞ்சு போயிடும். நாமளே உண்மையைச் சொல்லிடறதுதான் மரியாதை. சம்பந்தம் முறிஞ்சாலும் முறியட்டும், என் பொண்ணு பொய்க்காரின்னு பேரு வாங்கக் கூடாது, பொய் சொன்னவன் நான். தெட்சிணாமூர்த்திக்குப் போன் போட்டேன்.

"ஐயா, மன்னிக்கணும். சுகந்திக்கு ஜுரமெல்லாம் இல்ல. அவ இங்க கடற்கரையில இருக்கா. உங்க பையனும் இங்கதான் இருக்காரு. நான் உங்ககிட்ட மறைச்சது..."

முடிக்க விடல. பின்னாடி அவங்க வீட்டம்மா, என் வசந்தா, எல்லார் குரலும் கேக்குது. போனைச் சுத்தி நிக்கிறாங்க போலிருக்கு. பத்துக்கு ஒரு வார்த்தை பேசுற மனுஷன், மூச்சு வாங்கக் கேக்குறாரு:

"அதை விடுங்க சம்பந்தி. கடைசி பலூன் மேல போயிடுச்சா இல்லையா?"

போயிடுச்சுன்னேன். அந்தப் பக்கம் வீடே கைதட்டுது சார்.

கல்யாணம் தையில ஜாம்ஜாம்னு நடந்துச்சு, ரெண்டும் நல்லா இருக்குதுங்க. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் இன்னி வரைக்கும் விளங்கல. பலூன் விஷயம் அவருக்கு யாரு சொன்னா? நான் வாயே தொறக்கல. வசந்தாகிட்ட எத்தனையோ தரம் கேட்டுப் பாத்துட்டேன். "காபி ஆறிப் போவுது, குடிங்க"ங்கறா.